தேய்மானம் யார் கணக்கில்?

சென்ற மார்கழியில் என் அத்தை ஒரு பொற்காசைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு வந்து என் மேஜைமேல் வைத்தாள். "நீ பேங்க்ல இருக்கறவன். இது குறைஞ்ச காசா, நிறைஞ்ச காசா, பாத்துச் சொல்லு மருமகனே" என்றாள். குமாஸ்தாவாகப் பன்னிரண்டு வருஷம் இருந்தும் யாரும் என்னிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. வங்கியில் நாங்கள் எண்ணுகிறோம். எடை போடுவதற்கு வேறு ஆள் இருக்கிறார்.

கேள்வியின் பின்னணி எனக்குத் தெரியும். பாட்டியின் காசுமாலையில் 21 காசுகள். 1996-ல் பாட்டி இறந்து பதினாறாம் நாள், மூத்தவர் என்ற முறையில் என் அப்பா மாலையைப் பிரித்துத் தனக்கு ஏழு, தங்கைக்கு ஏழு, தம்பிக்கு ஏழு என்று எண்ணிக் கொடுத்தார். தனக்கு வந்தவை மார்பின் நடுவே தொங்கிய காசுகள், தாலிச் சரடில் உரசித் தேய்ந்தவை, அண்ணன் பார்த்துத்தான் பிரித்தான் என்பது அத்தையின் கட்சி. இதை அவள் அப்பாவிடம் நேரடியாகக் கேட்டதில்லை. அப்பா இறந்து நான்கு வருஷமாகிறது. அவருடைய ஏழும் வீட்டுக்கு மாடி கட்டியபோது போயின. அத்தையின் ஆறு காசுகள் அவள் பெண்களின் வளையல்களாகிவிட்டன. மிச்சம் இந்த ஒன்று.

இதை எழுதக் காரணம் குடும்பக் கதை அல்ல. அத்தை கேட்ட அதே கேள்வியை ஒரு சாம்ராஜ்யம் சுமார் எழுபது வருஷம் தன்னையே கேட்டுக்கொண்டிருந்தது. பதில் சொல்லத் தெரியாமல் மக்கள் தலையில் கட்டிவிட்டிருந்தது. அந்தச் சரித்திரம் நம் பேச்சுமொழிக்குள்ளேயே கிடக்கிறது. எட்டுக் கிராம் தங்கத்தை நாம் சவரன் என்கிறோம், பவுன் என்கிறோம். முன்னது ஸாவரின் என்ற காசின் பெயர். பின்னது அந்தக் காசின் மதிப்பான பவுண்டு. காசு புழக்கத்திலிருந்து போய்விட்டது, எடை மட்டும் பெயரைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது. அதுவும் சரியான எடை அல்ல. ஸாவரினின் சட்டபூர்வமான நிறை 7.988 கிராம். அந்த 12 மில்லிகிராமை நாம் பெருந்தன்மையாகச் சேர்த்துக்கொண்டோம்.

ஸாவரின் 1816-ம் வருஷச் சட்டத்தைத் தொடர்ந்து 1817-ல் லண்டனில் அடிக்கப்பட்டது. 22 காரட், அதாவது பன்னிரண்டில் பதினோரு பங்கு பொன். கலப்பு செம்பாக இருப்பதால் கொஞ்சம் செம்மை தட்டியிருக்கும். குறுக்களவு சுமார் 22 மில்லிமீட்டர். ஒரு பக்கம் அரசனோ அரசியோ. மறுபக்கம் குதிரைமேல் ஜார்ஜ் முனிவர் பறவைநாகத்தைக் கொல்லும் காட்சி. வரைந்தவர் இத்தாலியரான பிஸ்ட்ரூச்சி. ஒரு பவுண்டு என்று அதன்மேல் எங்கும் எழுதியிருக்காது. பொன்னே தன் மதிப்பைச் சொல்லும் என்ற நம்பிக்கை.

ஆனால் பொன் தேய்கிற உலோகம். பையிலிருந்து பைக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் காசு கண்ணுக்குத் தெரியாத ஒரு துளியை இழக்கிறது. இதற்கு என்ன செய்வது? சட்டம் ஒரு கோடு கிழித்தது. 122.5 க்ரெய்ன், அதாவது 7.938 கிராமுக்குக் கீழே போனால் அது காசு அல்ல. நிறைந்த காசுக்கும் செல்லாக் காசுக்கும் நடுவே 50 மில்லிகிராம்தான். 1870-ம் வருஷ நாணயச் சட்டம் அதற்கு மேலும் ஒன்று சொன்னது: குறைந்த காசு ஒருவரிடம் கொடுக்கப்பட்டால் அதை வாங்குபவர் வெட்டவேண்டும், உடைக்கவேண்டும் அல்லது சிதைக்கவேண்டும், நஷ்டம் கொடுத்தவரைச் சேர்ந்தது.

இந்த வாசகத்தை நான் பலமுறை படித்துப் பார்த்திருக்கிறேன். இதிலுள்ள அநீதி சுலபமாகக் கண்ணில் படுவதில்லை. காசைத் தேய்த்தவர்கள் ஆயிரம் பேர். கசாப்புக்கடைக்காரன், வண்டிக்காரன், வாடகை வசூலிப்பவன், பிரபு எல்லாரும் சேர்ந்து தேய்த்தார்கள். நஷ்டம் கடைசியாக அதைக் கையில் வைத்திருந்தவன் ஒருவனுக்கு. கோட்டைத் தாண்டும் தறுவாயில் நஷ்டம் ஒன்றரைப் பென்னிதான். ஆனால் பிரச்னை தொகை பற்றியது அல்ல. எண்ணிக்கையால் வாங்கிய காசை எடையால் கொடு என்று சொல்லும்போது இடையில் நிற்பவன் ஏமாற்றப்படுகிறான்.

இங்கிலாந்து வங்கி 1840-களிலேயே காசுகளை நிறுக்க ஒரு இயந்திரம் வைத்துவிட்டது. அதை அமைத்தவர் அவ்வங்கியின் கவர்னராயிருந்த வில்லியம் காட்டன். காசு ஒரு சிறு மேடையில் வந்து உட்காரும். நிறைந்ததானால் ஒரு பக்கம் தள்ளிவிடும், குறைந்ததானால் மறுபக்கம். முகம் பார்க்காத இந்த நியாயத்துக்கு ஜனங்கள் கண்டுபிடித்த பதில் எளிமையானது. நல்ல காசை வங்கிக்கு அனுப்பு, தேய்ந்ததைக் கடையில் செலவழி. ஆகவே எந்தக் காசு தண்டனைக்குரியதோ அதுவே ஓயாமல் கைமாறியது. பிறவங்கிக் குமாஸ்தாக்களும் இதைத்தான் செய்தார்கள். என் தொழிலின் முன்னோர்களைப் பற்றி எனக்குப் பிரமைகள் இல்லை.

எவ்வளவு காசு குறைந்தது என்று முதலில் முறையாகக் கணக்கெடுத்தவர் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ். 1835-ல் பிறந்தவர். பணமில்லாத குறையால் படிப்பை நடுவில் விட்டு, 1854-ல், இருபது நிறையுமுன், சிட்னியில் புதிதாகத் திறக்கவிருந்த நாணயசாலைக்கு மாற்றுப் பார்க்கும் உத்தியோகத்துக்குப் போனார். ஐந்து வருஷம் பொன்னின் மாற்றையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பினார். 1868-ல், மான்செஸ்டரில் பேராசிரியராக இருந்தபோது, நாடெங்கிலுமுள்ள வங்கிக்காரர்களை எழுதிக் கேட்டு, அவர்கள் பெட்டிகளிலிருந்த காசுகளை வருஷவாரியாக எண்ணச் செய்தார். ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட காசுகள். எண்ணியவர்கள் பெரும்பாலும் பெயர் தெரியாத குமாஸ்தாக்களாகத்தான் இருந்திருப்பார்கள். முடிவு: ஸாவரின்களில் நூற்றுக்கு 31-க்கு மேல் சட்டபூர்வமான எடைக்குக் கீழே. அரை ஸாவரின்களில் ஏறக்குறைய பாதி. அவர் கணக்குப்படி ஒரு ஸாவரின் வருஷத்துக்கு 0.043 க்ரெய்ன், சுமார் 2.8 மில்லிகிராம், தேய்கிறது. பதினெட்டு வருஷத்தில் அது குற்றவாளியாகிவிடும்.

அதாவது தேசத்தின் பொற்காசில் மூன்றில் ஒரு பங்கு சட்டப்படி செல்லாது. நடைமுறையில் முழுக்கச் செல்லும். எண்ணிக்கை என்ற மதிப்பு எடை என்ற மதிப்பை மீறி நின்றுவிட்டது. அரசு இதை ஒப்புக்கொள்ள இருபது வருஷத்துக்குமேல் ஆயிற்று. 1889-லும் 1891-லும் வந்த சட்டங்கள்தாம் தேய்ந்த காசை முகமதிப்புக்கே திரும்ப வாங்கிக்கொண்டு நஷ்டத்தைப் பொதுக் கணக்கில் எழுதின. ஒரே நிபந்தனை: காசு இயல்பாகத் தேய்ந்திருக்கவேண்டும்; சுரண்டியோ அராவியோ இருக்கக்கூடாது. இது முக்கியமான வித்தியாசம். உபயோகத்தால் வந்த குறை வேறு, ஒருவன் வேண்டுமென்றே எடுத்துக்கொண்டதால் வந்த குறை வேறு. முன்னது எல்லோருடைய கணக்கு. பின்னதற்கு ஒரு பெயர் உண்டு. அத்தையின் கேள்வியும் இந்த இடத்தில்தான் நிற்கிறது என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.

ஜெவன்ஸைப் பற்றி இன்னொன்று. மாற்றுப் பார்த்துப் பிழைத்த இதே மனிதர்தான் 1871-ல் வெளியிட்ட நூலில், ஒரு பொருளின் மதிப்பு அதற்குள்ளோ அதற்காகச் செலவிட்ட உழைப்பிலோ இல்லை, அதன் கடைசித் துளி நமக்கு எவ்வளவு உபயோகப்படுகிறது என்பதைப் பொறுத்தது என்று வாதித்தார். பொன்னுக்குள் எவ்வளவு பொன் என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவரே, அந்த அளவு மதிப்பு ஆகாது என்று கண்டார். 46 வயதில் கடலில் மூழ்கி இறந்தார்.

காசை எடுத்துப் பார்த்தேன். ஐந்தாம் ஜார்ஜ் தலை. மறுபக்கம், 1918 என்ற வருஷத்துக்கு மேலே தரைக்கோட்டில் ஐ என்ற ஆங்கில எழுத்து மிகச் சிறிதாக. அது பம்பாயில் அடித்ததற்கு அடையாளம். முதல் யுத்தத்தின் முடிவில், பம்பாயில் ராயல் மின்ட்டின் கிளையாகச் சிறிது காலம் ஸாவரின் அடித்தார்கள். சுமார் 13 லட்சம். 1918 தவிர வேறு வருஷம் கிடையாது. இந்தியாவில் ஸாவரின் 1899-லிருந்தே 15 ரூபாய்க்குச் சட்டப்படி செல்லும் காசு. ஆனால் நம் ஜனங்கள் அதைச் செலவழிப்பதைவிடத் துளையோ கொக்கியோ போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்வதையே விரும்பினார்கள்.

பழங்காசு சேகரிப்பவர் இதை எப்படிப் பார்ப்பார்? அவருக்கு எடை இரண்டாம்பட்சம். நிலைதான் முதல். உயர்ந்த பகுதிகள் முதலில் தேயும் என்பதால் அங்கே பார்ப்பார்: காதுக்குமேல் முடியிழைகள், தாடி, மீசையின் விளிம்பு, மறுபக்கம் முனிவரின் தலைக்கவசம், தொடை, குதிரையின் மார்பு. பிறகு வெற்றுப் பரப்பு. அச்சிலிருந்து வெளிவந்தபோதிருந்த பட்டுப்போன்ற மினுக்கம் இருக்கிறதா, இல்லை துடைத்த கோடுகள் தெரிகின்றனவா? துடைத்த காசு அவர்களுக்குக் கெட்ட காசு. பூந்திக்கொட்டை போட்டுக் கழுவி, தீபாவளிக்குத் தீபாவளி பத்தரிடம் கொடுத்து மெருகேற்றும் நம் வீட்டுப் பழக்கத்தைக் கேட்டால் அவர்கள் தலையில் கைவைத்துக்கொள்வார்கள். கொக்கி பற்றவைத்த காசு அவர்கள் அகராதியில் கிட்டத்தட்ட காசே அல்ல; பொன்விலைக்குமேல் ஒன்றும் தேறாது.

அவர்கள் நிலையை எண்ணாலும் சொல்வதுண்டு. 1 முதல் 70 வரை. இதை 1949-ல் அமெரிக்கச் செம்புக்காசுகளுக்காக வகுத்தவர் வில்லியம் ஷெல்டன் என்ற மனோதத்துவக்காரர். 70 நிலைக் காசு 1 நிலைக் காசைப்போல் எழுபது மடங்கு விலை பெறும் என்பது ஆரம்பக் கணக்கு. விலைவிகிதம் சீக்கிரமே பொய்த்துவிட்டது, எண் மட்டும் நிலைத்துவிட்டது. இதே ஷெல்டன்தான் மனித உடம்புகளை மூன்று கூறுகளாக்கி ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை எண் கொடுத்து அதிலிருந்து சுபாவத்தைச் சொல்லமுடியும் என்றவர். 1977-ல் அவர் இறந்தபின் ஒரு விஷயம் வெளிவந்தது. அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் சேகரிப்பிலிருந்த உயர்ந்த காசுகளை எடுத்துக்கொண்டு அவற்றின் இடத்தில் தன் தாழ்ந்த காசுகளை வைத்திருந்தார். அளவுகோல் கண்டுபிடித்தவர் அளவுகோலை எதற்குப் பயன்படுத்தினார் பாருங்கள். மாற்றிவைக்க ஆசைப்படுகிறவனுக்குத் தரவித்தியாசம் மற்ற எல்லாரையும்விட நன்றாகத் தெரிந்திருக்கவேண்டும்.

இலக்கிய விமர்சனத்தில் நாம் பேசும் தரம், உரைகல், மாற்று, செல்லாக் காசு எல்லாம் இந்தக் கடையிலிருந்து கடன் வாங்கியவை. பி.ஏ.யில் மாத்யூ ஆர்னால்டின் உரைகல் எங்களுக்குப் பாடம். மகாகவிகளின் சில வரிகளை மனசில் வைத்துக்கொண்டு மற்றவற்றை அவற்றோடு உரசிப் பார் என்றார், 1880-ல். க.நா.சு. பட்டியல் போட்டதும், செல்லப்பா அலசியதும், இரண்டு விதமான மாற்றுப் பார்ப்பு என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் உரைகல்லைப் பற்றி எழுதுகிறவர்கள் பத்தர் கடையில் போய் உட்கார்ந்து பார்த்ததில்லை என்று தோன்றுகிறது. கல் எதையும் சொல்வதில்லை. கருங்கல்லில் நம் பொன்னை ஒரு கோடு, மாற்றுத் தெரிந்த ஆணியை அதன் பக்கத்தில் ஒரு கோடு இழுத்து இரண்டையும் கண்தான் ஒப்பிடுகிறது. தவிர, உரைக்கிற ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பொன் கல்லோடு போகிறது. பழைய பத்தர்கள் அதை மெழுகு உருண்டையால் ஒற்றி எடுத்து வைத்துக்கொள்வார்கள். மதிப்பிடுவதும் தேய்மானத்தில் ஒரு பங்குதான். விமர்சகன் தன் மெழுகைப் பற்றியும் கொஞ்சம் யோசிக்கவேண்டும்.

இன்று கடைகளில் எக்ஸ்ரே கருவி இருக்கிறது, தேயாமல் சொல்லிவிடும். ஆனால் அது மேல்தோலைத்தான் படிக்கும். உள்ளே என்ன என்பதற்கு எடையையும் பருமனையும் சேர்த்துத்தான் பார்க்கவேண்டும். அப்படியும் பொன் சரியாக இருந்துவிட்டால் காசு உண்மையாகிவிடுமா? இரண்டாம் யுத்தத்துக்குப் பிறகு மிலானில் ஒருவர் ஸாவரின்களைத் தயாரித்தார், முழுப் பொன் வைத்து. பிரிட்டிஷ் அரசு அவரைக் கள்ளநாணயக்காரர் என்று ஸ்விட்ஸர்லாந்திடம் கேட்டது. ஸாவரின் இப்போது புழங்கும் பணம் அல்ல என்று சொல்லி அங்குள்ள நீதிமன்றம் அவரை ஒப்படைக்க மறுத்துவிட்டது. அதே காலத்தில், 1949-லிருந்து 1952-க்குள், லண்டன் நாணயசாலையே 1925 என்று வருஷம் போட்டு ஸாவரின் அடித்தது. பொய் வருஷமுள்ள அது உண்மைக் காசு. உண்மைப் பொன்னுள்ள மிலான் காசு பொய். அடிக்க உரிமை யாருக்கு என்பதைத் தவிர இரண்டுக்கும் நடுவே வித்தியாசம் எதுவும் இல்லை. அந்த வித்தியாசத்தை எந்தத் தராசும் காட்டாது.

பெரிய தெருவில் ஒரு கடையில் அத்தையின் காசை நிறுத்தோம். கொக்கியோடு 8.190 கிராம். கொக்கி எவ்வளவிருக்கும் என்று கேட்டேன். பத்தர் பார்த்துவிட்டு, இரண்டிலிருந்து இரண்டரைக் குந்துமணி இருக்கும் என்றார். குந்துமணியை 120 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால், இரண்டானால் காசு 7.950, சட்டப்படி நிறைந்தது. இரண்டரையானால் 7.890, குறைந்தது, வெட்டத்தக்கது. கோடு சரியாக நடுவில் விழுந்தது. தெரிந்துகொள்ள ஒரே வழி கொக்கியை அறுத்துவிட்டு நிறுப்பது.

திரும்பி வந்து கணக்குப் போட்டுக் காட்டினேன். அத்தையின் ஏழும் அப்பாவின் ஏழைவிட, காசுக்கு 50 மில்லிகிராம் வீதம் குறைந்திருந்ததாகவே வைத்துக்கொள்ளலாம். ஒரு காசை லண்டன் கடைத்தெருவில் பதினெட்டு வருஷம் தேய்த்தாலொழிய வராத அளவு அது. ஏழுக்கும் சேர்த்து 350 மில்லிகிராம். மூன்று குந்துமணி.

அத்தை கணக்கை மறுக்கவில்லை. "மூணு குந்துமணிக்கா நான் இத்தனை வருஷம் மனசுல வெச்சிருந்தேன்? அவன் கேட்டிருந்தா ஏழையும் குடுத்திருப்பேன். பாத்துப் பிரிச்சானா, பாக்காம பிரிச்சானா? அதைச் சொல்லு" என்றாள்.

1891-ம் வருஷச் சட்டம் கேட்ட கேள்வி இது. இயல்பாகத் தேய்ந்ததா, எடுத்துக்கொள்ளப்பட்டதா? காசில் இதற்குப் பதில் இல்லை. ஆனால் லென்ஸ் வைத்துப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. ராஜா தலை பெரிய சேதமில்லாமல் இருக்கிறது. தாடியின் இழைகளை எண்ணலாம். குதிரைப் பக்கம் மழுங்கிப்போய், முனிவரின் கால் குதிரையோடு கலந்துவிட்டிருக்கிறது. புழக்கத்தில் தேய்ந்த காசு இப்படி இருக்காது. பையும் கையும் இரண்டு பக்கத்தையும் சமமாகத்தான் தின்னும். இது ஒரு நாளும் சந்தையைப் பார்த்ததில்லை. வருஷக்கணக்காக ஒரே பக்கம், முதலில் பாட்டியின் மாமியார் உடம்பிலும் பிறகு பாட்டியின் உடம்பிலும் பட்டுப் பட்டுப் போனது. மாலையின் நடுக் காசாக இருந்திருக்கலாம். அதிகம் தேய்ந்ததென்றால் அதிகம் அவர்களோடு இருந்தது என்றும் அர்த்தம். இந்த நிலைக்கு எழுபது எண்களில் எதைப் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அத்தையிடம் இதையும் சொன்னேன். அப்பாவைக் காப்பாற்றுவதற்காகச் சொல்கிறேன் என்று அவள் நினைத்திருக்கலாம்; அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கலாம். மாற்றுப் பார்க்கிறவனும் குடும்பத்தில் ஒருவன்தானே. அவர் பார்த்துப் பிரித்தாரா என்று எனக்கு உண்மையிலேயே தெரியாது. அப்போது எனக்கு ஆறு வயது. பாயில் ஏழு ஏழாக மூன்று வரிசை இருந்தது மட்டும் ஞாபகம்.

"கொக்கிய அறுத்துப் பாத்துடலாமா அத்தை?" என்று கேட்டேன்.

"எதுக்கு?" என்றாள். காசை மறுபடி கைக்குட்டையில் முடிந்துகொண்டாள்.